கருக்கலின் முதல் பாடம்

செங்கல் சூளைக்காரர் பரமசிவத்தின் தகரக் கொட்டகை ஊஞ்சப்பாளையத்துக்கு வந்து சேர்ந்த காலையில், மயிலாத்தாள் வாசல் தெளிக்கத்தான் கதவைத் திறந்தாள். சாணித் தண்ணீர் வாளியைப் பிடித்தபடியே பார்த்தாள். முந்தின நாள் வரை வெறும் முள்ளுச் செடி மண்டிக் கிடந்த எதிர்ப் பொட்டலில், நாலு இரும்புக் கால்களோடும், காற்றுக்குக் கூரை பறக்காமல் இருக்க ஏற்றிவைத்த உடைசல் செங்கற்களோடும், உள்ளே கயிற்றுக் கட்டிலில் வாயைத் திறந்து தூங்கும் காவல்காரரோடும் கொட்டகை நின்றது. அதன் முன்காலில் கட்டிய புதுக்கயிற்றின் மறுமுனையில், நேற்றுத்தான் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே விற்றுவிட்டு வந்த குதிரை நின்றது. அவளைப் பார்த்ததும் கனைத்தது. கொள்ளு கேட்கிற கனைப்பு அது. மயிலாத்தாள் வாளியை இறக்கிவிட்டு முதலில் கொள்ளை எடுத்து வந்து வைத்தாள். கொட்டகையைப் பற்றி அப்புறம் யோசித்துக்கொள்ளலாம் என்று இருந்தது அவளுக்கு.

குதிரையின் பெயர் கருக்கல். விடிந்தும் விடியாத கருக்கலில் பிறந்ததால் அந்தப் பெயர், நிறமும் அதே நிறம்தான். தாய், அந்தியூர்ச் சந்தையில் பிடித்து வந்த நாட்டுக் குதிரை, ஒல்லிக் கால், மூக்கின்மேல் கோபம். தகப்பன், பக்கத்து டவுனில் கூடாரம் போட்டுக் கூட்டம் வராமல் கலைந்துபோன ஒரு சர்க்கஸில், யானைக்கு அடுத்தபடி தின்றுகொண்டிருந்த சீமைக்குதிரை, பாரவண்டி இழுக்கிற சாதி. இரண்டையும் சேர்த்தால் என்ன பிறக்கும் என்று ஊரில் யாருக்கும் தோன்றாத யோசனை மயிலாத்தாளின் புருசன் சென்னியப்பனுக்குத் தோன்றியது. அவனுக்கு மட்டும் அப்படியெல்லாம் தோன்றும். பிறந்தது மூன்று வயதுக்குள் வாசற்கதவு அகலத்துக்கு நெஞ்சும், உரல் பருமனுக்குக் கால்களும், குளம்புக்குப் பாவாடை கட்டினதுபோல் தொங்கும் மயிருமாக வளர்ந்து, தாயின் ரோசம் துளியும் இல்லாமல், கோழிக்குஞ்சு குறுக்கே வந்தால்கூட ஒதுங்கி வழிவிடும் குணத்தோடு இருந்தது.

வண்டிக்குதிரை பழக்குகிறவர்கள் முதலில் நிற்கத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். சென்னியப்பன் வீட்டு வழக்கம் வேறு. வீடு தெரிந்த குதிரையை எந்தத் திருடனும் கொண்டுபோக முடியாது என்பது அவர்கள் கட்சி, அதனால் முதல் பாடம் வீட்டுக்கு வருவது. குட்டையோரம் ஒரு பனந்துண்டைக் குதிரையின் பின்னால் கட்டிவிட்டு, வீட்டு வாசலில் ஊறவைத்த கொள்ளோடு நின்று குரல் கொடுப்பார்கள். எதைக் கட்டியிருந்தாலும் அதை இழுத்துக்கொண்டு அது வீடு வந்து சேர வேண்டும். வீட்டிலிருந்து வெளியே இழுத்துப்போவதும், சொன்ன இடத்தில் நிற்பதும் இரண்டாம் பாடம். கருக்கல் முதல் பாடத்தை மனசார, முழுசாகக் கற்றுக்கொண்டது. இரண்டாம் பாடம் தொடங்க வேண்டிய வாரத்தில் சென்னியப்பன் கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடிபட்டுப் படுத்துவிட்டான். பஸ், ஆட்டோ, வண்டி எதிலும் ஏறக்கூடாது, ஒரு சின்னக் குலுக்கல்கூட ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜன்னலோரக் கட்டில்தான் அவனுக்கு ஊரும் உலகமும் ஆனது.

மயிலாத்தாளுக்குக் குதிரையை வைத்துக்கொள்ளத்தான் ஆசை. பிள்ளை இல்லாத வீட்டில் அது வாசலில் நின்று கொள்ளு மெல்லும் சத்தமே பெரிய துணையாக இருந்தது. ஆனால் வேலை இல்லாமல் கட்டிக்கிடந்ததில் அதன் கால்கள் வீங்க ஆரம்பித்தன. மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். இந்தச் சாதிக்கு உழைப்புதான் மருந்து, சும்மா நிறுத்தி வைத்தால் கால் கெட்டு, அடுத்த மழைக்காலத்துக்குள் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடும், வேலை கொடுக்கிற வீடாகப் பார்த்துத் தள்ளிவிடு அம்மிணி என்றார். அன்றிலிருந்து தினம் சாயங்காலம் அவள் அதன் காலை விரலால் அமுக்கிப் பார்ப்பாள். அமுக்கின இடம் அப்படியே குழியாக நிற்கும். ஏற்கனவே ஒருத்தர் படுத்திருக்கிற வீட்டில் இன்னொன்று படுப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அப்படித்தான் பரமசிவத்துக்கு விற்றாள். அந்தப் பக்கத்தில் ஆடோ மாடோ குதிரையோ விற்றால் பழைய கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள். கயிற்றோடு வீட்டு லட்சுமியும் போய்விடும் என்பதால், வாங்குகிறவர் புதுக்கயிறு கொண்டுவந்து மாட்டுவார், விற்றவர் பழையதைக் கழற்றி வந்து கட்டுத்தறியில் தொங்கவிடுவார். கருக்கலின் பழைய கயிறு மயிலாத்தாள் தன் நீலநிற நூல்சேலையைக் கிழித்துத் தானே திரித்தது, கன்னம் உரசிப் புண்ணாகக் கூடாது என்று. அதை அவள் மடியில் வைத்து எடுத்துவந்து தறியில் தொங்கவிட்டாள். மறுநாள் விடியும்போதுதான் எதிரே கொட்டகை நின்றது.

காவல்காரர் விழித்து, இது எந்த ஊர் என்று கேட்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, வேலைக்கு நேரமாயிற்று என்று முதல் பஸ்ஸில் சூளைக்குக் கிளம்பினார். பரமசிவம் மோட்டார் சைக்கிளில் வந்து கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கூரையில் ஒரு செங்கல் நகரவில்லை, உள்ளே பானையில் தண்ணீர் விளிம்புவரை அப்படியே இருந்தது. அவருக்குக் கோபம் வரவில்லை, யோசனைதான் வந்தது.

“கொட்டகை போனாப் போகுதுங். நாளைக்குச் சூளையே கிளம்பி வந்துருச்சுன்னா நான் எங்க போய்ச் செங்கல் சுடறது?” என்றார்.

கொடுத்த பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு குதிரையை விட்டுவிட்டுப் போனார். கொட்டகையைப் பிரித்து ஏற்றிப்போகிற செலவுக்குப் புதிதாகவே ஒன்று போட்டுவிடலாம் என்று அதையும் விட்டுவிட்டார். ஊர் அதில் பால் சொசைட்டியை வைத்துக்கொண்டது. இத்தனை நாளும் வேப்பமரத்தடியில் காக்கை எச்சத்துக்குப் பயந்து பால் ஊற்றிக்கொண்டிருந்த பெண்களுக்கு அது பெரிய வசதியாகப் போனது.

அடுத்து டவுனில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர் மாப்பிள்ளை ஊர்வலச் சாரட்டுக்கு என்று வாங்கிப்போனார். மயிலாத்தாள் அவரிடம் நடந்ததைச் சொல்லி, கெட்டியான இடத்தில் கட்டச் சொன்னாள். அவரும் தன்னிடம் இருப்பதிலேயே கெட்டியானது எது என்று பார்த்து, மண்டபத்தின் சிமெண்ட் தோரணவாயிலில் கட்டினார். மறுநாள் விடியலில் அது இரண்டு பக்கமும் சிமெண்ட் யானைகள் மாலையோடு நிற்க, மேலே ‘நல்வரவு’ என்ற எழுத்தும், எங்கிருந்து கரண்ட் வருகிறது என்று தெரியாமலே மினுக்கிக்கொண்டிருக்கும் சீரியல் விளக்குமாக ஊஞ்சப்பாளையத்து ஊர் எல்லையில் நின்றது. அதன் வழியாகத்தான் அன்று ஆடுகள் மேய்ச்சலுக்குப் போயின. பஞ்சாயத்துத் தலைவி ருக்குமணி வந்து அண்ணாந்து பார்த்து, ஊருக்கு நுழைவாயில் கேட்டு எத்தனை மனுக் கொடுத்தோம், வந்தது வந்ததாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். மண்டபத்துக்காரர் தன் பெயர் அதில் அழியாமல் இருந்தால் போதும் என்றார்.

மூன்றாவதாகப் பழனிப் பக்கம் குதிரைவண்டி ஓட்டுகிறவர் ஒருவர் வாங்கினார். அவர் கருக்கலைத் தன் வீட்டில் கட்டப் பயந்து, தெருமுனை டீக்கடைத் தூணில் கட்டினார். டீக்கடை வந்தது. அடுப்பில் கொதிநிலைக்கு ஏறி நின்ற பால் ஒரு சொட்டுச் சிந்தாமல், பெஞ்சில் விடிகாலை டீக்கு உட்கார்ந்து பேப்பர் பிரித்தபடி கண்ணசந்த இரண்டு பேரோடும், மாஸ்டர் சாகுலோடும் வந்தது. அந்த இரண்டு பேரும் விழித்து, பேப்பரை மடித்து, டீ நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, எதிரே வந்த டவுன் பஸ்ஸில் ஏறிப் போனார்கள். சாகுல் மட்டும் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் ஒரு டீ போட்டுக் குடித்துப் பார்த்தான். தண்ணீர் ருசியாக இருந்தது. வாடகைக் கடைதான், கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று பெஞ்சைத் துடைத்துப் போட்டான்.

இதெல்லாம் எப்படி வருகிறது என்று ஒருவரும் கண்ணால் கண்டதில்லை, காண வேண்டும் என்று பெரிதாக யாரும் மெனக்கெடவும் இல்லை. மழை எப்படி வருகிறது என்று யார் எழுந்துபோய்ப் பார்க்கிறார்கள். ஊர்க்காரர்களின் கவலையெல்லாம் அடுத்து என்ன வரும் என்பதில்தான். காலையில் பல் விளக்கும்போதே எல்லையைப் பார்த்துக்கொண்டு விளக்கினார்கள். கொஞ்ச நாளில் மயிலாத்தாள் வீட்டுக்கு யோசனை சொல்ல ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கு விலை பேசு என்றாள் ஒருத்தி. பேங்க்கோடு ஒட்டின கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர், குதிரை என்றால் உயிர் என்றார் ஒருவர். அண்ணன் வீட்டுச் சுவரை ஒட்டி வீடு கட்டி இருபது வருசமாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஒருவர் வந்து, யாருக்கும் விற்காமலே தன் வீட்டை மட்டும் ஊருக்கு அந்தப் பக்கம் நகர்த்தித் தர முடியுமா என்று தணிந்த குரலில் கேட்டுப் பார்த்தார். ஒருவராவது குதிரையின் காலைக் குனிந்து பார்க்கவில்லை. மயிலாத்தாளுக்கு அதுதான் எரிச்சலாக வந்தது. கொள்ளுத் தின்று ஒரே ஒரு ராத்திரி வேலை செய்துவிட்டு மறுபடி வாரக்கணக்கில் கட்டிக்கிடந்தால் கால் வீக்கம் எப்படி வற்றும். வீக்கம் முழங்காலுக்கு ஏறிவிட்டிருந்தது.

டீக்கடை வந்த காலையில்தான் அவள் ஒன்றைக் கவனித்தாள். கருக்கல் தொட்டிக்குப் போகவில்லை, கொள்ளு வாளியைத் தேடவில்லை. முதலில் கட்டுத்தறிக்கு வந்து, அங்கே தொங்கின நீலச்சேலைக் கயிற்றில் மூக்கை வைத்து, கண்ணை மூடி, நெடுந்தூரம் நடந்து வந்தவர் பெருமூச்சு விடுவதுபோல விட்டு, அப்புறம்தான் அவளைப் பார்த்துக் கனைத்தது. மயிலாத்தாளுக்குக் கையில் இருந்த வாளி கனத்தது. வீடு என்று அது தெரிந்துவைத்திருப்பது இந்தச் சுவரை அல்ல, இந்தக் கயிற்றை என்பது அவளுக்கு அந்த நிமிசமே புரிந்துவிட்டது. கயிறு இங்கே தொங்குகிறவரை அதை எங்கே விற்றாலும் இங்கேதான் வரும், அது எங்கும் நிலைத்து வேலை செய்யாது, கால் சரியாகாது. புரிந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சென்னியப்பனிடம்கூடச் சொல்லாமல் சில நாள் வயிற்றுக்குள் போட்டு வைத்திருந்தாள். கயிற்றைக் கொடுத்தால் லட்சுமி போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில் அவள் பயந்தது லட்சுமிக்காக இல்லை. கொடுத்துவிட்டால் அது திரும்பி வராது.

அந்த நாட்களில்தான் மலையிலிருந்து மாதி வந்தாள். மேலே எலச்சிப்பாறை என்று மலைக்காரர்கள் இருக்கும் சின்ன ஊர், பாதை உண்டு, ரோடு கிடையாது. அரிசி, உப்பு, சிமெண்ட், பிள்ளை பெறப் போகிறவள் எல்லாம் தலைச்சுமையாகவும் தொட்டில் கட்டியும்தான் ஏறி இறங்க வேண்டும். ஊரார் சேர்ந்து ஒரு குதிரை வாங்கலாம் என்று முடிவு செய்து, விவரமானவள் என்று மாதியை அனுப்பியிருந்தார்கள். அவள் வந்ததும் பல்லைப் பிடித்துப் பார்க்கவில்லை. உட்கார்ந்து, கருக்கலின் காலை மடியில் எடுத்து வைத்து, வீக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

“இது நடந்தா வத்திரும்க்கா. எங்க மேட்டுல ஏறி எறங்கினா வேற வைத்தியமே வேணாம்” என்றாள்.

மயிலாத்தாள் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். கொட்டகை, தோரணவாயில், டீக்கடை எல்லாம் கையால் காட்டினாள். மாதி சாகுலின் கடையைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சொன்னாள், “எங்க ஊருக்குன்னு எதுவும் தானா வந்ததில்லக்கா. சொசைட்டி, டாக்டரு, பள்ளிக்கூடம், எல்லாமே அடிவாரத்தோட நின்னுக்கும்.”

விலை பேசி முடித்து, மாதி தான் கொண்டுவந்த புதுக்கயிற்றை மாட்டினாள். மயிலாத்தாள் பழைய கயிற்றைக் கழற்றினாள். கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தெருவில் நாலு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாகச் சென்னியப்பனும் பார்த்துக்கொண்டிருந்தான். மயிலாத்தாள் அந்த நீலக் கயிற்றை நாலாக மடித்து மாதியின் கையில் வைத்தாள்.

“இதை உங்க வீட்டுல தொங்கவிடு புள்ள. நீ இருக்கற பக்கமாத் தொங்கவிடு” என்றாள்.

தெருவில் நின்றவர்கள் முகம் தொங்கிப்போயிற்று. கயிற்றோடு லட்சுமியும் போகிறது, ஆஸ்பத்திரி இனி வராது என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கயிற்றைக் கொடுத்தவளை ஊர் நாலு நாள் குறை சொல்லிற்று, ஐந்தாம் நாள் சாகுல் கடையில் வடை போட ஆரம்பித்ததும் அந்தப் பேச்சு வடையோடு போயிற்று. மயிலாத்தாள் மட்டும் தினம் வாசல் தெளிக்கும்போது எதிர்ப்பக்கம் பார்த்தாள். கொட்டகையில் பால் அளப்பார்கள், டீக்கடையில் புகை வரும், குதிரை இருக்காது. வராமல் இருக்கிறது என்றால் அங்கே நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று நினைப்பாள், நினைத்துக்கொண்டே அழுவாள். சென்னியப்பன் கட்டிலில் இருந்தபடி, கால் வற்றியிருக்குமா என்று ஒருநாள் விட்டு ஒருநாள் கேட்பான். வற்றியிருக்கும் என்று சொல்வாள்.

தை மாதச் சந்தைக்கு மாதி கருக்கலோடு இறங்கி வந்தாள். முதுகில் புளி மூட்டைகள். மயிலாத்தாள் குதிரையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் நேராகக் குனிந்து காலைப் பிடித்தாள். விரலை அமுக்கி எடுத்தாள். குழி விழவில்லை. தாயின் கால்போலவே நரம்பும் எலும்புமாக இறுகிக் கிடந்தது. கருக்கல் ஜன்னலுக்குள் தலையை நுழைத்துச் சென்னியப்பனின் நெஞ்சில் மூக்கை வைத்தது, அவன் அதன் தாடையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. சந்தை முடிய இருட்டிவிட்டதால் மாதி, வீட்டை ஒட்டின பழைய குதிரைக் கொட்டத்திலேயே பாயை விரித்து, அதன் கம்பத்தில் குதிரையைக் கட்டிவிட்டுப் படுத்தாள்.

விடிந்து மயிலாத்தாள் வந்து பார்த்தபோது கொட்டம் இல்லை. கட்டுத்தறி இல்லை, தொட்டி இல்லை, மாதி இல்லை, குதிரை இல்லை. பெருக்கிவிட்டதுபோல் சுத்தமாக ஒரு சதுரத் தரை மட்டும் இருந்தது. அவள் அந்தத் தரையின் நடுவில் போய் நின்றாள். கட்டினதை வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறது. அதன் வீடு இப்போது மேலே இருக்கிறது. உள்ளே போய்ப் புருசனிடம் சொன்னாள். அவன் மோட்டுவளையைப் பார்த்துப் படுத்திருந்தான்.

“பாடம் சொல்லிக் குடுத்தவன் நான். ராத்திரில அது இப்படி இழுக்கறதை ஒருக்காலும் பார்த்ததில்ல” என்றான்.

மயிலாத்தாள் அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினாள். பால் பொங்கி வரும்போது, சாகுலின் அடுப்பில் ஒரு சொட்டுச் சிந்தாமல் வந்த பால் அவள் நினைவுக்கு வந்தது. குலுக்கலே இல்லாத வண்டி ஒன்று உலகத்தில் இருக்கிறது.

அடுத்த சந்தைக்குள் அவள் எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டாள். வெள்ளாட்டைத் தங்கச்சிக்குக் கொடுத்தாள், தானியம் வைக்கிற குதிர் காலியானதும் அதைத் துடைத்து மூடி வைத்தாள். வீட்டோடு மேலே போகிற விசயம் தெரிந்து ஊர் வந்து கூடியது. ருக்குமணி, ஓட்டு எங்கே போடுவீர்கள் என்று கேட்டாள். மலையும் இதே தொகுதிதான் என்று தெரிந்ததும் நிம்மதியானாள். சாகுல் ஒரு பொட்டலம் டீத்தூள் கட்டிக் கொடுத்தான். அண்ணனோடு பேச்சில்லாதவர் வந்து, காலியாகிற இந்த இடத்தை யாருக்காவது சொல்லிவைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். திரும்பி வருவது எப்படி என்று ஒருவர் கேட்டதற்குச் சென்னியப்பன், ரெண்டாம் பாடம் பாக்கி இருக்கிறது, போய்ச் சொல்லிக்கொடுத்தால் கொண்டுவந்து விடப் போகிறது என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு களையை மயிலாத்தாள் அவன் விழுந்த பிறகு கண்டதில்லை.

பொழுது சாய மாதி குதிரையோடு வந்தாள். வாசலில் நின்று, கொட்டம்தான் இல்லையே, எங்கேக்கா கட்டுவது என்று கேட்டாள்.

“வாசத்தூணுல கட்டு. கெட்டியாக் கட்டு” என்றாள் மயிலாத்தாள்.

மாதிக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது, அப்புறம் தூணைச் சுற்றிக் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு இறுக்கினாள். உள்ளே வந்து அடுப்பங்கரை ஓரம் பாயை விரித்துக்கொண்டாள். மயிலாத்தாள் சொம்புகளைக் கவிழ்க்கவில்லை, விளக்கை அணைக்கவில்லை, குடத்தில் தண்ணீரை விளிம்புவரை ஊற்றி வைத்தாள். கட்டிலை ஜன்னலோடு இன்னும் நெருக்கித் தள்ளி, சென்னியப்பனின் தலைக்கு இரண்டு தலையணை வைத்து உயர்த்தினாள். வெளியே கருக்கல் ஒருமுறை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு மேற்கே மலையைப் பார்த்துத் திரும்பி நின்றது. கயிறு விறைத்தது.

“மயிலா” என்றான் சென்னியப்பன், ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“என்னுங்க?”

“கம்பளி எடுத்து வெச்சியா? மேல குளிரும்.”